வீட்டுவழிக் கல்வி: சட்டமும் அன்றாடமும் குலக்கல்வியின் நினைவும்

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமலோ, சேர்த்த பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோ, பெற்றோர் தம் பொறுப்பிலேயே படிக்க வைப்பதைத் தமிழில் வீட்டுவழிக் கல்வி என்று எழுதுகிறோம். பேச்சில் பெரும்பாலும் ஹோம்ஸ்கூலிங் என்றே சொல்கிறோம். சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களிலும் அவற்றை ஒட்டிய சிற்றூர்களிலும் இந்த வழியைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. எண்ணிக்கையில் இவர்கள் சிலரே. ஆனால் அக்கம்பக்கத்தாரும் உறவினரும் இவர்களிடம் கேட்கும் கேள்விகள், கல்வி பற்றி நம் சமூகம் பட்டுத் தெரிந்துகொண்ட பலவற்றைத் தொடுகின்றன. அந்தக் கேள்விகளை எரிச்சலோடு ஒதுக்கிவிடாமல் அவற்றுக்கு ஒழுங்காகப் பதில் தேடும் குடும்பமே இந்த வழியைச் சரியாக நடத்துகிறது என்பது, இத்தகைய வீடுகள் சிலவற்றை அருகிலிருந்து பார்த்துவரும் எனது முடிவு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு பிள்ளைகள் வீட்டிலிருந்தபடி செல்பேசியில் பாடம் கேட்டதை வீட்டுவழிக் கல்வி என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அது பள்ளி தன் கால அட்டவணையோடு வீட்டுக்குள் வந்ததுதான். பாடமும் வேகமும் தேர்வும் பள்ளியின் கையிலேயே இருந்தன. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் இடைவெளியைத் தன்னார்வலர்கள் மூலம் நிரப்புவதற்காக ஏற்பட்டதே. வீட்டுவழிக் கல்வியில் எதை, எப்போது, எந்த அளவுக்குக் கற்பது என்ற முடிவு முழுவதும் குடும்பத்திடம் வந்துவிடுகிறது. சுமையும் அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் இந்த முடிவுக்கு ஒரு வரலாற்றுப் பின்னணி உண்டு. 1953இல் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகளை இரண்டு முறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு முறைக்கும் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி நடத்துவது. மீதி நேரத்தில் பிள்ளை வீட்டில் இருந்து தகப்பனின் தொழிலைக் கற்றுக்கொள்வது. இருக்கின்ற கட்டடங்களையும் ஆசிரியர்களையும் வைத்தே கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். செருப்புத் தைப்பவரின் மகன் செருப்புத் தைக்கவும் சலவைத் தொழிலாளியின் மகள் துணி வெளுக்கவும் கற்றுக்கொண்டால் சாதி எப்படி மாறும் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் கேட்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்ற பெயரே அதற்கு நிலைத்தது. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் ஊர் தோறும் பள்ளியும் பள்ளியில் மதிய உணவும் என்று கட்டியெழுப்பப்பட்டதன் பலனைத்தான் நாம் இன்று அனுபவிக்கிறோம்.

எனவே, "பிள்ளை வீட்டிலேயே படிக்கட்டும்" என்று ஒருவர் சொல்லும்போது, எழுபது வயதைக் கடந்த தமிழர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. தம் வீட்டில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தவர் அவராகவே இருக்கலாம். பிறந்த வீட்டின் எல்லையைத் தாண்டிப் பிள்ளையை வெளியே கொண்டுவந்தது பள்ளிதான் என்பது அவருக்கு அனுபவம். வீட்டுவழிக் கல்வி நடத்தும் குடும்பம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். பெற்றோரின் உலகத்தைவிடப் பெரிய உலகம் இந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறதா என்பதே நான் இங்கு எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும் அளவுகோல்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அடுத்துப் பார்ப்போம். 2002இல் நிறைவேறிய 86ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம், அந்த வயதுப் பிள்ளைக்குக் கல்விக்கான வாய்ப்பை ஏற்படுத்தித் தருவதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாகவும் சேர்த்தது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று தனது 10ஆவது பிரிவில் சொல்கிறது. ஆனால் அப்படிச் சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டம் எந்தத் தண்டனையையும் விதிக்கவில்லை. வீட்டுவழிக் கல்வி என்று ஒன்று இருப்பதாகவே அது குறிப்பிடவில்லை. அனுமதிக்கவும் இல்லை, வெளிப்படையாகத் தடுக்கவும் இல்லை. சட்டம் குறிவைத்தது குழந்தைத் தொழிலாளரையும் பள்ளியே இல்லாத ஊர்களையும்தான் என்பதால், படிக்க வைப்பதற்காகவே வீட்டில் வைத்துக்கொள்ளும் பெற்றோர் இந்த இடைவெளியில் தம் பாட்டுக்கு நடந்து வருகிறார்கள்.

மற்ற நாடுகள் இதை இப்படி விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் 1993க்குள் எல்லா மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்வி சட்டப்படி ஏற்கப்பட்டுவிட்டது; மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மட்டும் வேறுபடுகின்றன. ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்புவது கட்டாயம். அங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஒரு குடும்பத்திடமிருந்து 2013இல் நான்கு பிள்ளைகளை அதிகாரிகள் சில வாரங்களுக்குப் பிரித்து வைத்தார்கள். அதில் மனித உரிமை மீறல் இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. பிள்ளை சமூகத்திலிருந்து தனிமைப்பட்டுவிடக் கூடாது என்பது அரசுத் தரப்பின் முக்கியமான வாதம். அந்த நடவடிக்கை மிகக் கடுமையானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் தனிமை பற்றிய அந்தக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன்.

நம் ஊரில் சட்டத்தின் முகம் பெரும்பாலும் ஓர் ஆசிரியரின் முகமாகத்தான் வீட்டு வாசலுக்கு வருகிறது. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பின்போது அருகிலுள்ள அரசுப் பள்ளி ஆசிரியர்களும் வட்டார வளமையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்களும் வீடு வீடாக வருகிறார்கள். கோவைக்கு வெளியே நான் அறிந்த ஒரு வீட்டில், பத்து மணிக்கு வாசலில் மிதிவண்டிச் சங்கிலியைக் கழற்றிப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த பையனைப் பார்த்துவிட்டு, "தம்பி எந்த ஸ்கூல்ல படிக்கிறாருங்க?" என்று வந்த ஆசிரியை கேட்டார். "வீட்லயேதானுங்க டீச்சர், நான்தான் சொல்லித் தர்றேன்" என்று தாய் சொன்னதும், ஆசிரியைக்குத் தன் படிவத்தில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை. பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசின் மாணவர் பதிவேட்டில் எமிஸ் எண் என்று ஒன்று இருக்கிறது, இவனுக்கு இல்லை. அரசின் கணக்கில் அவன் இடைநின்ற பிள்ளை, அல்லது பள்ளியையே பார்க்காத பிள்ளை. தாய் உள்ளே போய், தேதி போட்டு எழுதிய நோட்டுகளையும் வாசித்த புத்தகங்களின் பட்டியலையும் எடுத்து வந்து காட்டினார். ஆசிரியை பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கணக்கில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, எப்போது வேண்டுமானாலும் எங்கள் பள்ளியில் சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படிக் கதவைத் தட்டும் ஆசிரியரைப் பகையாளியாகப் பார்க்கும் பெற்றோரும் உண்டு. அது தவறு. செங்கல் சூளையில் வேலைக்குப் போகும் பிள்ளையைக் கண்டுபிடிக்கத் தட்டும் கை அது. நம் வீட்டையும் தட்டிவிட்டுப் போவதில் குறை ஒன்றும் இல்லை.

இனி அன்றாடத்துக்கு வருவோம். ஹோம்ஸ்கூலிங் செய்கிறோம் என்று சொன்னவுடன் எல்லோரும் கேட்கும் கேள்வி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் படிப்பார்கள் என்பது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்களையும் 800 பாட மணிகளையும் கேட்கிறது. ஆறு முதல் எட்டு வரை 220 நாள்களையும் 1,000 மணிகளையும் கேட்கிறது. அதாவது தொடக்க வகுப்பில் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் வருகைப்பதிவு, நோட்டுத் திருத்தம், ஒருவருக்குப் புரியும் வரை மற்றவர் காத்திருத்தல் எல்லாம் அந்த நான்கு மணிக்குள் அடங்கியிருக்கின்றன. வீட்டில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு எதிரே ஒரு பெரியவர் உட்காரும்போது, எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் போதுமானதாக இருப்பது அதனால்தான். பெற்றோர் ஆசிரியரைவிடத் திறமையானவர் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. மேலும், வகுப்பறையில் மட்டும் கிடைக்கும் ஒன்று வீட்டில் கிடைப்பதில்லை: பக்கத்திலிருக்கும் பிள்ளையின் தவறான விடை. ஒருவன் தப்பாகச் சொன்னதை இன்னொருத்தி ஏன் தப்பு என்று விளக்கும்போது இருவருக்கும் பாடம் ஏறுகிறது. ஒற்றைப் பிள்ளை உள்ள வீட்டில் இதற்கு ஈடு செய்ய, வாரத்தில் ஒரு நாளாவது வேறு பிள்ளைகளோடு சேர்ந்து கணக்குப் போட வைப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

நடத்தும் முறையில் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு. சிலர் பள்ளியை அப்படியே வீட்டுக்குள் அமைத்து, காலை ஒன்பது மணிக்கு மேசையில் உட்கார வைத்து, தமிழ்நாட்டுப் பாடநூலையோ என்.சி.இ.ஆர்.டி. பாடநூலையோ பாடம் பாடமாக முடிக்கிறார்கள். இன்னொரு முனையில், 1970களில் அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் முன்வைத்த அன்ஸ்கூலிங் முறையைப் பின்பற்றி, பாடத்திட்டமே வேண்டாம், பிள்ளையின் ஆர்வம் போகும் வழியில் போகட்டும் என்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். முதல் முனையில் தொடங்கி, ஆறே மாதத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் சண்டை முற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கத்தைத் தளர்த்திய குடும்பங்களே நான் பார்த்தவற்றில் அதிகம்.

வாழ்க்கையிலிருந்து படிப்பது என்று எல்லோரும் சொல்கிறோம். அது நடக்கும்போது எப்படி இருக்கும் என்பதற்கு, முன்னே சொன்ன அதே வீட்டின் மின்கணக்கீட்டு அட்டையைக் காட்டலாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின் அளவு எடுக்கிறார்கள். அப்போது முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். பதினொரு வயதான அந்தப் பையனிடம், தினமும் காலை ஏழு மணிக்கு மீட்டரைப் பார்த்து எழுதும் வேலையைத் தந்தார்கள். முதல் வாரம் அது வெறும் கழித்தல் கணக்காக இருந்தது. பிறகு தண்ணீர் மோட்டார் ஓடிய நாளில் எண் ஏன் கூடுதலாக இருக்கிறது என்று கேட்டான். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட், அந்த மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய முக்கால் யூனிட் என்று கணக்குப் போட்டார்கள். மீட்டர் அதைவிடக் கொஞ்சம் அதிகம் காட்டியது. மோட்டார் வெளியே தருகிற திறன் வேறு, உள்ளே இழுத்துக்கொள்கிற மின்சாரம் வேறு என்ற பேச்சுக்கு அது வழி வகுத்தது. கட்டண அட்டவணையை வைத்து, இத்தனை யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வரைதாளில் புள்ளி வைத்து இணைத்தபோதுதான் அவனுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. 500 யூனிட்டைத் தாண்டியதும் கூடுதலான யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறவில்லை. குறைந்த பயன்பாட்டுக்கு அரசு தரும் மானியமும் குறைந்து, கீழ்ப்படியில் இருந்த யூனிட்டுகளின் விலையும் மாறியது. அதுவரை படிப்படியாகச் சாய்ந்து ஏறிய கோடு அந்த இடத்தில் முறிந்து மேலே குதித்தது. மேல்வகுப்பில் தொடர்ச்சியற்ற சார்பு என்று வரப்போகிற பாடம், குடும்பத்தின் பணத்தோடு சேர்ந்து அவன் கண்ணில் பட்டுவிட்டது. அந்த இரண்டு மாதங்களின் கடைசி வாரத்தில் இஸ்திரிப் பெட்டியைத் தொட யாரையும் அவன் விடவில்லை.

ஆனால் இதே பையன் அந்த ஆண்டு பின்னங்களின் வகுத்தலில் தடுமாறினான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாழ்க்கை எல்லாப் பாடத்தையும் வரிசையாகக் கொண்டுவந்து தருவதில்லை. முக்கால் லிட்டர் எண்ணெயை இரண்டாகப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, முக்காலைக் காலால் வகுத்தால் மூன்று வரும் என்பது தானாகத் தெரிந்துவிடாது; யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும், பத்துக் கணக்காவது போட வைக்க வேண்டும். ஆர்வத்தை மட்டும் நம்பிய வீடுகளில், பறவைகளின் பெயரெல்லாம் தெரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு பக்கம் பிழையின்றி எழுத முடியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தினமும் பின்பற்றாத குடும்பமும், பருவத்துக்கு ஒரு முறை எடுத்து வைத்து எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது பிள்ளைக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

மொழி விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர் ஆங்கிலத்தில் படித்து நகரத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் வாங்கும் புத்தகமும் பார்க்கும் காணொளியும் சேரும் குழுவும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் இந்த வீடுகளுக்குள் வருவதில்லை. தமிழ் பேசும் வீட்டில் பிறந்து, தமிழ்ப் பேருந்துப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பத்து வயதுப் பிள்ளை உருவாவதற்கு இது போதும். மாறாக, தாய்மொழியிலேயே அறிவியலையும் வரலாற்றையும் பேசிப் பழக வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. எந்த நிர்வாகத்தின் அனுமதியும் தேவைப்படாமல் தமிழ்வழியில் கற்பிக்கலாம். கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்கி, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் துளிர் போன்ற சிறுவர் இதழை வீட்டுக்கு வரவழைத்து, நாள்தோறும் அரைப் பக்கமாவது எழுத வைக்கும் வீடுகளில் இந்தக் குறை எழுவதில்லை.

வீட்டுக்கு வெளியே உள்ள உலகத்தைப் பிள்ளைக்குத் திறந்துவிடுவது இந்த முறையில் தானாக நடப்பதில்லை. ஒவ்வொன்றையும் தேடிப் போக வேண்டும். காலை எட்டரைக்குத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டால், மாலை டியூஷன் முடிந்து அவர்கள் வரும் வரை தெரு காலியாகத்தான் இருக்கும். இந்தக் குடும்பங்கள் பூங்காவிலோ ஒருவர் வீட்டிலோ கூடுவது நல்லதே. ஆனால் அங்கு வருகிறவர்கள் ஒரே வருமானமும் ஒரே மனப்போக்கும் உள்ளவர்களாக இருந்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளியின் பெஞ்சில் ஆட்டோ ஓட்டுநரின் மகளும் மளிகைக் கடைக்காரரின் மகனும் பக்கத்தில் உட்காருவதற்கு அது ஈடாகாது. ஆகவே ஊர்ப் பொதுவான இடங்களில் பிள்ளையைச் சேர்ப்பது முக்கியம்: மாலை நேரக் கபடிக் குழு, சிலம்ப வகுப்பு, நூலக வாசகர் வட்டம். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. பள்ளியில் இல்லாதவர்களும் கலந்துகொள்ளலாம். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டு அனுப்ப, யாருக்கும் பள்ளி அடையாள அட்டை தேவையில்லை. இன்னொரு காரணத்துக்காகவும் வெளியார் தொடர்பு வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் முகத்தைத் தினமும் ஓர் ஆசிரியர் பார்க்கிறார். பிள்ளைக்கு வீட்டில் ஏதும் துன்பம் என்றால் அவர் கவனிக்க வாய்ப்பு உண்டு. வீட்டிலேயே இருக்கும் பிள்ளைக்கு, பெற்றோர் அல்லாத, நம்பிப் பேசக்கூடிய பெரியவர் ஒருவராவது இருக்கிறாரா என்பதைக் குடும்பம் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

யார் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் தாய். இதைப் பற்றிப் பேசும்போது பிள்ளையின் சுதந்திரம் பற்றி நிறையப் பேசுகிறோம். வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருக்கும் பெண்ணைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். சமையல், துவையல், மாமியாரின் மருத்துவமனை, இவற்றோடு ஆசிரியர் பொறுப்பும் அவர் தலையில் ஏறுகிறது. ஒரு சம்பளம் குறைகிறது. பத்தாண்டுக்குப் பிறகு அவர் வேலைக்குத் திரும்பப் பார்த்தால் அந்த இடைவெளியை விளக்க வேண்டியவரும் அவரே. தந்தை வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் குறிப்பிட்ட பாடத்தை முழுப் பொறுப்போடு எடுத்துக்கொள்ளும் வீடுகளில்தான் இது நான்கைந்து ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நிற்கிறது. இருவரும் தினக்கூலிக்குப் போகும் வீட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வசதி உள்ளவர்களின் தேர்வு இது என்ற விமர்சனம் உண்மையானது. அதை ஒப்புக்கொண்டுதான் மேற்கொண்டு பேச வேண்டும். பள்ளியே பயனற்றது என்று பொத்தாம்பொதுவாகப் பேசும் உரிமை நமக்கு இல்லை என்றே நினைக்கிறேன். அந்தப் பேச்சு அரசுப் பள்ளியை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைகளைத்தான் போய்த் தாக்கும்.

சான்றிதழ்ப் பிரச்சினை பன்னிரண்டு வயதில் தலைகாட்டும். பொதுத்தேர்வு எழுத மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. முதலாவது, தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்காக நடத்தும் தேர்வுகள். பன்னிரண்டரை வயது நிரம்பிய பிள்ளை எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதலாம். அதில் தேர்ச்சி பெற்று, பதினான்கரை வயது நிரம்பியதும் பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியலுக்கான செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள். இந்த வழி செலவு குறைந்தது, தமிழிலேயே எழுதலாம், ஆனாலும் ஹோம்ஸ்கூலிங் குடும்பங்களில் அதிகம் பேசப்படுவதில்லை.

அவர்கள் அதிகம் நாடுவது இரண்டாவதான தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். 1989இல் ஏற்படுத்தப்பட்ட இந்த மத்திய அரசு நிறுவனத்தில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். குறைந்தது ஐந்து பாடங்கள், அவற்றுள் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். கணக்குக்குப் பதில் ஓவியமோ மனையியலோ எடுத்துக்கொள்ளலாம். பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம். கணக்கு வராது என்று பதினான்கு வயதில் அதை விட்டுவிட்ட பிள்ளை, பதினேழு வயதில் பொறியியல் படிக்க ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பதைப் பாடம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே யோசிக்க வேண்டும். திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டு முடித்தவர்கள் நீட் எழுதக் கூடாது என்று போடப்பட்ட விதியை 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்றாவது வழி, கேம்பிரிட்ஜ் போன்ற வெளிநாட்டு வாரியத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதுவது. கட்டணம் மிக அதிகம்.

இழப்புகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் தமிழக அரசு 2020 முதல் தரும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் கிடைக்காது. பத்து, பன்னிரண்டுச் சான்றிதழே இல்லாமல் மேலே போனவர்களும் உண்டு. பள்ளி வயதினருக்கான கணினி நிரலாக்கப் போட்டியான சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வென்ற மும்பைப் பெண் ஒருவருக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இல்லாததால் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைக்கவில்லை. சென்னைக் கணிதக் கழகம் அவரது அறிவை மதித்து முதுகலை நிலை வகுப்பில் சேர்த்துக்கொண்டது. 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அவருக்கு இடம் தந்தது. இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு சான்றிதழே வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெற்றோரிடம், உங்கள் மகள் ஒலிம்பியாடில் பதக்கம் வாங்கியிருக்கிறாளா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

பள்ளிக்குத் திரும்பும் வழி எட்டாம் வகுப்பு வரை அகலமாகவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, இதுவரை பள்ளியில் சேராத பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. தேவையான சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையையும் தருகிறது. ஒன்பதிலிருந்து நிலைமை மாறுகிறது. மாற்றுச் சான்றிதழும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் கேட்பார்கள். அதனால் ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்கு முன்னால், தொடர வேண்டுமா, போக வேண்டுமா என்று பிள்ளையிடமே கேட்கும் வழக்கத்தை வைத்திருக்கும் குடும்பங்களை நான் மிகவும் மதிக்கிறேன். போகிறேன் என்று பிள்ளை சொன்னால் அதைத் தங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாத பெற்றோரால்தான் இப்படிக் கேட்க முடியும்.

அப்படித் திரும்பிய பிள்ளைகளுக்குப் பாடம் பெரும்பாலும் கடினமாக இருப்பதில்லை. கை வலிக்கிறது என்கிறார்கள். வீட்டில் பேசியும் வரைந்தும் செய்து காட்டியும் விளக்கிப் பழகியவர்கள், மூன்று மணி நேரம் நிறுத்தாமல் எழுத வேண்டிய தேர்வில் பாதிக் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். தெரிந்த விடைக்கு மதிப்பெண் போவது அந்த வயதில் பெரிய ஏமாற்றம். இதற்கு மருந்து எளிதுதான்: பன்னிரண்டு வயதிலிருந்து வாரம் ஒரு முறை, பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, முதலில் முக்கால் மணி, பிறகு ஒன்றரை மணி என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், பதினான்கு வயதுக்குள் முழுத்தாளை எழுதி முடிக்கும் வேகத்துக்குக் கையைப் பழக்கிவிட வேண்டும்.